கிண்ணம் 14: ஆவண அறை

மாரி தொடங்கி மூன்றாம் கிழமை
கிண்ணியா பஸ்ஸில் வந்து இறங்கினாள் றிஸ்மியா.
கையில் சாப்பாட்டுப் பெட்டி போல ஒன்று,
உள்ளே மூடிய கண்ணாடிக் கிண்ணங்கள்.
கோணேசபுரி வளாகத்துக் கடிதத்தை நீட்டினாள்.
காணிக் கந்தோர் ஆவண அறையின் காற்றில்
கொஞ்சம் வேண்டுமாம்.

காற்றுக்கு விண்ணப்பப் படிவம்
எங்களிடம் இல்லை.
வெறுந்தாளில் ஒப்பமிட்டு உள்ளே விட்டேன்.

மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.
பதினைந்து நிமிடம்.
"கதைக்காதீங்க மிஸ், மூச்சைக் கொஞ்சம் அங்கால விடுங்க."
மின்விசிறியை நிறுத்தினோம்.
கிண்ணத்தின் அடியில் மங்கலாக ஒரு களி.
நான் அதையே பார்ப்பதைக் கண்டு
அவளே வாய் திறந்தாள், குசுகுசுவென்று:
உருளைக்கிழங்கு அவித்த தண்ணி, சீனி, கடற்பாசி.
நோன்பு திறக்க உம்மா காய்ச்சுகிற
அதே கடற்பாசிதான்.
விருந்து யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பதினோராம் நிமிடம் எனக்கு இருமல் வந்தது.
சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு
தட்டுகளைப் பார்த்தேன்:
கந்தளாய், மூதூர், குச்சவெளி, தம்பலகாமம்,
சணல் நூலில் கட்டிய உத்தரவுப் பத்திரங்கள்,
ஈரத்தில் ஊதிப்போய்.

ஆறாம் நாள் நிலாவெளி பஸ் ஏறி நானே போனேன்.
ஒட்டுத்தாளில் அவள் எழுத்து: 14, ஆவண அறை.
மிளகுப்பொடி கொட்டினாற்போல் கறுப்பு.
பட்டுத்துணி போல் பச்சை.
ஓரத்தில் பூனை மயிராய் ஒரு சாம்பல்.
பக்கத்தில் ஒன்பதாம் கிண்ணம், மீன்சந்தை,
எங்களைவிடச் சுத்தம்.
இருபத்திரண்டு வருடம்
இதை இழுத்து இழுத்துத்தான்
வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

பிறகு இலைகளைக் காட்டினாள்.
நிழலில் உலர்த்தி, மிக்சியில் அடித்து,
மதுசாரத்தில் ஊறவைத்து வடித்த சாறுகள்:
வேம்பு, நொச்சி, குப்பைமேனி,
நாலாவது ஆடாதோடை.
அதை எப்படித் தெரிவுசெய்தாய் என்றேன்.
பஸ் நிலையத்துப் பக்கம் மான்கள் மேயும்போது
நின்று பார்த்தாளாம்.
வாழைத்தோல் தின்றன, பேப்பர் தின்றன,
கோயில் மாலை தின்றன,
ஒரு வேலியை மட்டும் மணந்துவிட்டு நடந்தன.
ஆடு தொடாதது என்று பெயரிலேயே இருக்கிறதே,
மானும் தொடவில்லை.

நான் வேம்புக்குப் பந்தயம் கட்டினேன்.
வேம்பு, மூன்று மில்லிமீற்றர்.
ஆடாதோடை, பதினொன்று.
பள்ளிக்கூட அடிமட்டத்தால்தான் அளந்தாள்.
சாறு விட்ட துளையைச் சுற்றி
வெறும் வட்டம்.
கறுப்பு அதுவரை வந்து நின்றிருந்தது.
கல் நாட்டவில்லை, நில அளவையாளர் வரவில்லை,
இரு பக்கத்தாரும் சத்தியக்கடதாசி முடிக்கவில்லை.
என் உத்தியோகத்தில் நான் கண்ட எல்லைகளில்
கோவை இல்லாத எல்லை அது ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் தொலைபேசியில் சொன்னாள்:
தெற்குப் பக்கத்தால் உள்ளே வந்துவிட்டதாம்.
கிண்ணத்துக்கு ஏது பிள்ளை தெற்கு என்றேன்.
உங்க கந்தோர்க் காற்றுத்தானே மிஸ், என்று சிரித்தாள்.
அதையும் குறிப்பில் எழுதியிருக்கிறாள்,
சேர் இன்னும் இரண்டு தரம் செய்யச் சொல்லியிருக்கிறார்.

ஒரு போத்தல் தருவாயா, கட்டுகளில் தெளிக்க?
கூடாது மிஸ்.
தாளில் பட்டால் பச்சைக் கறை, மை கரையும்,
பேர் அழிந்துபோகும்.

இன்று காலை கந்தோர் வாசலில் ஒரு பெண்மான்,
யாரோ தவறவிட்ட விண்ணப்பத்தை
மூன்றாம் பக்கம்வரை தின்றுவிட்டது.
மிச்சத்தை இழுத்தேன், விடவில்லை.
எனக்கு இருமல் வந்தது.
அது மென்றபடி நிமிர்ந்து பார்த்தது,
முகவரி இருந்த மூலை
இன்னும் அதன் வாய்க்கு வெளியே.